ஐந்து மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை

முத்தாரம் தன் எண்ணை நான்கு முறை சோதித்தாள். நான்கு முறையும் ஒரே விடைதான் வந்தது. ஆகவே நான்கு முறையும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம் என்று முடிவுசெய்தாள்.

அவள் சுபாவம் அப்படி. தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. சாம்பிளில் ஈரம் கூடுதலாகக் காட்டினால் முதலில் தராசைத் துடைப்பாள், அடுத்துத் தன் கையைத் துடைப்பாள், கடைசியாகத்தான் உப்பின் மேல் சந்தேகப்படுவாள். இருபத்துநான்கு வயதில் இவ்வளவு நிதானம் கூடாது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அதையும் குறித்துவைத்துக்கொள்வாள்.

மாலைக் கணக்கு வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம்தான் இது. 'அவரவர் ஆள் எண்ணை எடுத்துக்கொண்டு, அது பகா எண்தானா என்று ஐந்தை வைத்துச் சரிபார்த்து வாருங்கள்.' ஆள் எண் இல்லாமல் நாட்டில் யாரும் கிடையாது. குழந்தை பிறந்த அன்றைக்கே பதிவகம் ஒரு பகா எண்ணைக் கொடுத்துவிடும். தன்னாலும் ஒன்றாலும் அல்லாமல் வேறு எதனாலும் வகுபடாத எண். முத்தாரத்தின் எண்ணுக்கு முந்நூறு இலக்கம். அவள் படித்ததற்கான சான்று, அவள் எண்ணையும் பள்ளியின் எண்ணையும் பெருக்கி வந்த எண். வேலை உத்தரவு, அவள் எண்ணையும் ஆய்வகத்தின் எண்ணையும் பெருக்கி வந்தது. கல்யாணத்துக்கும் அதே கணக்குதான். பெண்ணின் எண்ணை மாப்பிள்ளையின் எண்ணால் பெருக்கினால் மண எண். தாலி, மோதிரம் எல்லாம் அவரவர் இஷ்டம். பெருக்கல் மட்டும் கட்டாயம்.

சோதனையும் கடினமில்லை. ஒன்றில் தொடங்கி ஐந்தால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், தன் எண்ணைவிட ஒன்று குறைவான தடவை. வருவதைத் தன் எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். பெருக்கும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும். வகுப்பில் இருந்த மற்ற பதினேழு பேருக்கும் ஒன்று வந்தது. முத்தாரத்துக்கு மட்டும் வரவில்லை.

"சார், எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்," என்று அவள் நோட்டை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்த ஜோவினுக்கு வயது இருபத்துமூன்று. வகுப்பிலேயே சின்னவன் அவன்தான். பாடம் நடத்துபவனும் அவன்தான். பதிவகத்தில் நான்கு மாதம் பயிற்சியில் இருந்துவிட்டு, அதிகமாகக் கேள்வி கேட்கிறான் என்று அனுப்பப்பட்டவன்.

"எனக்கு டக்குன்னு ஒன்னு வந்துட்டு தம்பி சார்," என்றார் பின்பெஞ்சிலிருந்து ஐஸ் பாக்டரி சூசை. "நம்ம பொறப்பு சுத்தம்லா!"

ஜோவின் தன் கருவியில் போட்டுப் பார்த்தான். இரண்டை வைத்துச் சோதித்தான், ஒன்று வந்தது. மூன்று, ஒன்று வந்தது. ஐந்து. ஒன்று வரவில்லை. அவன் சிரிப்பு நின்றது. ஏழு. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நீங்க தப்பே பண்ணல."

முத்தாரத்துக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்தது.

ஜோவின் பலகையில் 2701 என்று எழுதினான். "இதப் பாருங்க. ரெண்ட வச்சுச் சோதிச்சா பகா எண்ணுன்னு சொல்லும். மூணும் ஆமான்னு சொல்லும். அஞ்சு வந்துதான் இல்லைன்னு சொல்லும். ஏன்னா இது முப்பத்தேழு பெருக்கல் எழுபத்துமூணு. பத்திரப் பதிவு ஆபீஸ் வாசல்ல டீக்கடையில ரெண்டு பேரு எப்பவும் உக்காந்திருப்பாங்கள்ல? யாரு வந்து கூப்பிட்டாலும் சாட்சிக் கையெழுத்து போடுவாங்க. இவர ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டா, சின்னப் புள்ளையில இருந்து தெரியும்பாங்க. பதிவகத்துக்கு ரெண்டும் மூணும் அந்த மாதிரி. மூணாவதா ஒரு சாட்சிய அங்க யாரும் கூப்பிடவே மாட்டாங்க. வரிசை நீளமா இருக்கும்லா."

"அப்பம் என் எண்ணு?"

"அதான் பாக்கணும். முப்பத்தேழ ரெண்டு மடங்காக்கி ஒன்ன கொறச்சா எழுபத்துமூணு. பதிவகத்துல பழைய ஆளுங்ககிட்ட ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு புள்ளைக்கு எண்ணு கண்டுபிடிச்சாச்சுன்னா, அடுத்த புள்ளைக்குப் புதுசா தேட மாட்டாங்க. ரெண்டு மடங்காக்கி ஒன்ன கொறச்சுப் பாப்பாங்க. அதுவும் பகா எண்ணா இருந்தா தலையில கட்டிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க."

இப்படிப் பிறந்த இரண்டு எண்களைப் பெருக்கி வைத்திருந்தால், அவற்றைப் பிரிக்க ஒரு வர்க்கமூலம் போதும். எட்டால் பெருக்கு, ஒன்று கூட்டு, வர்க்கமூலம் எடு, மறுபடி ஒன்று கூட்டு, நான்கால் வகு. 2701-க்கு அவன் செய்துகாட்டினான்: 21609, 147, 148, 37. பிறகு முத்தாரத்தின் எண்ணைக் கருவியில் போட்டான்.

வர்க்கமூலம் மிச்சமில்லாமல் வந்தது. நூற்றைம்பது இலக்கத்தில் இரண்டு எண்கள் திரையில் விழுந்தன.

"நூத்தைம்பது இலக்கம்னா பழைய காலத்து எண்ணு," என்றான் ஜோவின். "ஒங்க பொறப்புக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முந்நூறா மாத்துனாங்க. புது மெஷின் வந்தா முதல்ல ஒரு கெட்ட எண்ண வேணும்னே உள்ள விட்டுப் பாப்பாங்க, வெளிய துப்புதான்னு. பழைய பதிவேட்டுல பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு எண்ணப் பெருக்கி விட்டிருப்பாங்க. அது துப்பல. யாரும் திரும்பிப் பாக்கல. அடுத்துப் பொறந்த புள்ளைக்கு அது போயிருச்சு. அந்தப் புள்ள நீங்க."

"அப்பம் நான் யாரு சார்?"

ஜோவின் தலையைச் சொறிந்தான். "விதிப்படி, ரெண்டு ஆள் எண்ணோட பெருக்கம்னா அது கல்யாணம்."

"நான் ஒரு கல்யாணமா?"

"யம்மா, சாப்பாடு போட்டாவளா?" என்றார் சூசை. யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

அந்த இரண்டு எண்களில் ஒன்றைப் பொதுப் பதிவேட்டில் தேடியபோது அடுத்தது தெரிந்தது. ஒரு நீதிமன்ற அறிவிப்பு. 'கீழ்க்கண்ட மண எண்ணை ரத்துசெய்யக் கோரி இருதரப்பும் மனு. ஆட்சேபம் உள்ளோர் 14-ஆம் தேதி காலை குடும்ப நீதிமன்றத்தில் நேரில் வரவும்.' கீழே முந்நூறு இலக்கம். முத்தாரம் அளவுகோலை வைத்து இலக்கம் இலக்கமாகத் தன் எண்ணோடு ஒப்பிட்டாள். பிறகு கடைசியிலிருந்து முன்னோக்கியும் ஒப்பிட்டாள். அவள் எண்தான்.

"ரத்தானா என்ன ஆகும்?"

"அந்த எண்ணால வகுபடுற எல்லாம் செத்துரும். படிப்பு, வேலை, எல்லாம். புது எண்ணு தருவாங்க. ஆனா அது இன்னைக்குப் பொறந்த புள்ளையோட எண்ணு." அவன் குரல் இறங்கியது. "எல்கேஜியில இருந்து வரணும்க்கா."

முத்தாரத்தின் அம்மா ராஜகனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாற்பது டன் பெட்டியை ஒரு குச்சியின் அசைவில் கப்பலுக்குள் இறக்கிவைப்பவர் என்பதால், தரையில் நடக்கும் எந்தப் பிரச்சினையையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மகள் வரிசை எண் போட்டுச் சொன்னதை எல்லாம் புட்டு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"யாரோ ரெண்டு பேரு பிரியுததுக்கு எம்புள்ள ஏன் எல்கேஜி போணும்? ஆட்சேபம்னு எழுது. நான் லீவு சொல்லிட்டு வாரேன்."

"எனக்கு உறுதியாத் தெரியலம்மா. நான் கணக்குல எதையாவது..."

"ஏழு தடவ பாத்துட்ட. எட்டாவது தடவ கோர்ட்டு பாக்கட்டும்."

இருந்த ஒன்பது நாளில் முத்தாரம் பதிவக விதிகள் எண்பத்துநான்கு பக்கத்தையும் படித்தாள். தனக்குப் பயன்படுபவற்றின் கீழ் நீலக்கோடு, படாதவற்றின் கீழ் பென்சில் கோடு. ஆட்சேபம் வந்தால் மனு நிறுத்திவைக்கப்படும், விசாரணை முடியக் குறைந்தது இரண்டு வருடம் என்று ஒரு விதி இருந்தது. இரண்டு வருடம் போதும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு நீலக்கோடு போட்டாள்.

நீதிமன்ற வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முந்திரி மக்ரூன் பெட்டி. இருவருக்கும் முப்பத்தாறு வயது இருக்கும்.

"உக்காருங்க. எடுத்துக்கிடுங்க," என்று பெட்டியை நீட்டினாள் அந்தப் பெண். "எங்க பேக்கரிச் சரக்கு. நாந்தான் போட்டேன். இவரு எம் புருசன்."

"ரெண்டு வருசமா," என்றார் அந்த ஆள் பணிவாக.

"இவரு வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"எட்டயபுரம் ரோட்டுல."

"நான் கேக்கல."

ராஜகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னத்துக்குப் பிரியுதிய? நல்லாத்தான பேசுதிய?"

பெண்ணின் பெயர் லில்லிபுஷ்பம். இரண்டு வருடம் முன்பு சேவியர் என்பவரோடு கல்யாணத்தைப் பதியப் போயிருக்கிறாள். அவள் எண்ணால் வகுபடும் மண எண் ஏற்கெனவே இருக்கிறது, கணவர் இன்னார் என்று மெஷின் ஒரு தாளை நீட்டியிருக்கிறது. அந்தக் கணவரைத் தேடிப் பிடித்தால், அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும் தங்கமாரியப்பன்.

"ஒரே ஆஸ்பத்திரியில ஒரே நாள்ல பொறந்தோம்னு அங்க வச்சுத்தான் தெரிஞ்சுது," என்றார் தங்கமாரியப்பன். "தப்புன்னு நிரூபிக்கப் போனா எத்தனையோ வருசம் ஆகுமாம். விவாகரத்துன்னா சீக்கிரம்னாங்க. ஆறு மாசம் சேந்து வாழ முயற்சி பண்ணிட்டு வாங்கன்னு அனுப்புனாங்க."

"என்ன பண்ணுனிய?"

"மாசத்துக்கு ஒருக்க டீ குடிச்சோம். முயற்சி செய்தோம், இயலவில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டோம்."

லில்லிபுஷ்பம் சிரித்தாள், பிறகு கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தாள். "இன்னைக்கு முடிஞ்சிரணும். முப்பதாந் தேதி சேவியருக்கு அந்தமான் கப்பலு. அஞ்சு வருச வேல. பொண்டாட்டின்னு பேப்பர்ல இருந்தாத்தான் என்னயும் ஏத்துவாங்க. ரெண்டு வருசம் பொறுத்துட்டாரு. இதுக்கு மேல எந்த மூஞ்சிய வச்சுட்டு இருங்கன்னு சொல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு முத்தாரத்தின் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்ன கேஸும்மா?"

முத்தாரத்தின் பைக்குள் மூன்று பிரதியில் ஆட்சேப மனு இருந்தது.

"ஒரு ரத்து விசயமா வந்தோம்," என்றாள். வாயில் மக்ரூன் கரைந்துகொண்டிருந்தது. அது நன்றாக இருந்தது இன்னும் சங்கடமாக இருந்தது.

உள்ளே அழைத்தார்கள். நீதிபதி வேகமான அம்மாள். தாளைப் பார்த்துக்கொண்டே பேசுபவர். எழுத்தர் படிவத்தை ராகமாக வாசித்தார். மனுதாரர் ஒன்று, மனுதாரர் இரண்டு, மண எண் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

ராஜகனி மகளை இடித்தார். "எந்திரி."

முத்தாரம் எழவில்லை. மனுவின் முதல் வரியை மனதில் ஓட்டிப் பார்த்தாள், பிழை இல்லை. எழுந்தால் போதும். முன்னால் லில்லிபுஷ்பத்தின் முதுகு தெரிந்தது. ரவிக்கையில் மைதா மாவு ஒட்டியிருந்தது. பேக்கரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"இத்திருமணத்தில் பிள்ளைகள்?" என்று வாசித்தார் எழுத்தர். எந்த விவாகரத்துக்கும் கேட்கிற கேள்விதான். 'இல்லை' என்று எழுதப் பேனா தாளைத் தொட்டுவிட்டது.

அறுபத்திரண்டாம் பக்கம். பென்சில் கோடு. 'பிள்ளை உள்ளபோது, மணம் முறிந்தாலும் மண எண் ரத்தாகாது. பிள்ளையின் பெயருக்கு மாறி, அதன்வழி வந்த சான்றுகள் தொடரும்.'

"இருக்கு," என்றாள் முத்தாரம். எழுந்தது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன இருக்கு?"

"பிள்ளை. நான்தான்."

தங்கமாரியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். லில்லிபுஷ்பம் திரும்பி, தான் மக்ரூன் கொடுத்த பெண்ணை வாய் திறந்தபடி பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திநாலும்மா."

"ஒங்க அம்மாவுக்கு?" நீதிபதியின் கண் லில்லிபுஷ்பத்திடம் போனது.

"முப்பத்தாறு," என்றாள் லில்லிபுஷ்பம், யாரையோ காட்டிக்கொடுப்பவள் போல.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முத்தாரம் நோட்டை எடுத்தாள். இரண்டு, மூன்று, ஐந்து. எட்டால் பெருக்கல், வர்க்கமூலம். துப்பாமல் விட்ட மெஷின். ஆறு நிமிடம் பேசினாள். முடிவில், "ஏழு தடவ பாத்தேன். ஆனாலும் என் பேர்ல தப்பு இருக்கலாம்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"பதிவகத்துத் தப்புன்னு நான் எழுதினா விசாரணை வைக்கணும். ரெண்டு வருசம்," என்றார் நீதிபதி. "பிள்ளைன்னு எழுதினா இப்பவே கையெழுத்து போட்டுரலாம்." விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பிள்ளைன்னா பெத்துருக்கணும்னு இதுல எங்கயும் இல்ல. எண்ணைத் தாங்குபவர்னுதான் போட்டுருக்கு. எழுதினவங்க இதெல்லாம் நெனச்சிருக்க மாட்டாங்க." புத்தகத்தை மூடினார். "ஆனா ஒன்னு. ஒங்க எல்லாப் பேப்பர்லயும் தாய் லில்லிபுஷ்பம், தந்தை தங்கமாரியப்பன்னு மாறிடும். இப்ப இருக்குற பேரு ரெண்டும் போயிரும். சம்மதமா?"

இதை முத்தாரம் யோசிக்கவில்லை. அப்பா இறந்து ஆறு வருடம். அவர் பெயர் இப்போது மிச்சமிருப்பதே அவளுடைய தாள்களில்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

ராஜகனி கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கிரேன் மேலே இருக்கும்போதுகூட அவர் அப்படி எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

"புள்ளைக்கு வேல இருக்குமாம்மா?"

"இருக்கும்."

"படிச்ச படிப்பு?"

"அப்படியே இருக்கும்."

"அப்பம் எழுதிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வராந்தாவில் லில்லிபுஷ்பம் முத்தாரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு ராஜகனியைக் கட்டிப்பிடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கமாரியப்பனுக்குக் கைகொடுத்து, "நல்ல மனுசன் நீரு. எனக்குத் தோதுப்படல, அவ்வளவுதான்," என்றாள். அவர் முத்தாரத்தின் முன்னால் வந்து நின்று கொஞ்சம் தயங்கினார். "எனக்குன்னு யாரும் கெடையாது. கடைப்பக்கம் வந்தா வாம்மா. நீ தாளக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் படிக்கியே. ஒனக்குப் பவர் இருக்கும்."

லில்லிபுஷ்பம் இருபத்தெட்டாம் தேதி பதிந்துகொண்டாள். முப்பதாம் தேதி கப்பல் ஏறினாள். சோதனையில் ஐந்தையும் சேர்க்க வேண்டும் என்று ஜோவின் பதிவகத்துக்கு எழுதினான். ஐந்தைச் சேர்த்தால் எத்தனை பேர் மனிதர் இல்லை என்று ஆவார்கள் எனத் தெரியாததால், சேர்ப்பதாக இல்லை என்று மரியாதையான பதில் வந்தது. முத்தாரம் எல்கேஜிக்குப் போகவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் துறைமுகத்தில் ஆண்டுப் படிவம் வந்தது. ராஜகனியின் எண்ணைத் தட்டியதும் மெஷினே நிரப்பிக் கொடுத்தது. பிள்ளைகள்: இல்லை. அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். முத்தாரம் பார்த்தாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அம்மா லீவு போட்டார். அதற்குள் எப்படியோ தங்கமாரியப்பனைப் பார்த்து ஒரு சம்மதக் கடிதமும், அந்தமானிலிருந்து இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தார்.

பதிவகத்தில் நான்காம் ஜன்னல். வயது வந்தோரைத் தத்தெடுக்கும் பிரிவு. வரிசையே இல்லை.

"யாரத் தத்தெடுக்கிய?" என்றாள் ஜன்னலில் இருந்த பெண்.

"இவள."

"ஒங்களுக்கு என்ன வேணும் இவங்க?"

ராஜகனி பதில் சொல்வதற்குள் அவள் திரையைப் பார்த்துத் தானே சொன்னாள். "உறவு எதுவும் இல்லைன்னு காட்டுது. சரி, பரவால்ல. காரணம் என்ன போட? நாலு இருக்கு. குழந்தை இல்லை, ஆதரவற்றவர், உறவினர் பிள்ளை, சேவை."

"பெத்தேன்," என்றார் ராஜகனி.

"அது பட்டியல்ல இல்லையேக்கா."

"தெரியும்."

அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கு, தாடை, முன்நெற்றி. பிறகு திரையைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய காகிதப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தாள். "இதுல 'மற்றவை'ன்னு ஒன்னு இருக்கு. பக்கத்துல கையால எழுதலாம்."

ராஜகனி பேனாவை வாங்கினார். கிரேன் குச்சியைப் பிடிக்கும் விரல்களால் மெல்ல அந்த ஒரு சொல்லை எழுதி, மகளிடம் நீட்டினார். "பிழை இருக்கான்னு பாரு."

முத்தாரம் ஒரே ஒரு தடவை படித்தாள்.

"சரியா இருக்கும்மா," என்று படிவத்தை ஜன்னலுக்குள் கொடுத்தாள்.